தீப்பெட்டி அளவில் ஒரு முகம்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் படம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அன்று காலை சரிதா உள்ளே வந்தபோது, பெங்களூர் ஓவியர் அனுப்பியிருந்த படம் கதிர்வேல் அண்ணனின் திரையில் திறந்தே கிடந்தது. அவள் பார்க்கட்டும் என்று வைத்திருந்தாரா, மூட மறந்துவிட்டாரா, எனக்குத் தெரியவில்லை.

சரிதா தோள்பையைக் கழற்றாமல் நின்று பார்த்தாள். மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஓர் இளைஞன். முறுக்கேறிய கை. அவனுக்குப் பின்னால் வானம் வரைக்கும் பீறிடும் நீலத் தண்ணீர்.

"நல்லா இருக்குதுங்ணா," என்றாள்.

"நல்லாத்தான் இருக்குது." கதிர்வேல் அவள் பக்கம் திரும்பவில்லை. "ஆறு மணி வரைக்கும் பாக்கறேன் சரிதா. உன்றது வந்தா உன்றது போகும். இல்லீன்னா இதத்தான் அனுப்போணும்."

அவள் தலையசைத்துவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பையை அப்போதும் கழற்றவில்லை.

கதிர்வேல் என் பெரியப்பா மகன். மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில், பெரியப்பாவின் ரிக் வண்டி உதிரிபாகக் கிடங்குக்கு மேலே இருக்கும் அறைதான் எங்கள் அலுவலகம். மொத்தம் மூன்று பேர், கணினி விளையாட்டு ஒன்று செய்கிறோம். கணினி நிரல் கதிர்வேலுடையது. விளையாட்டுக்குள் வரும் பேச்சையும் குறிப்புகளையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவது என் வேலை. கண்ணுக்குத் தெரிகிற அத்தனையும் சரிதா வரைந்தது. லாரி, பாறை, காய்ந்த காடு, குழாய் மாட்டும் ஆட்கள், ஓரமாகக் கைகட்டி நிற்கும் காட்டுக்காரர் என்கிற நிலத்துக்காரர், அவருடைய மனைவியின் சேலைத் தலைப்பு வரைக்கும்.

விளையாட்டின் பெயர் 'ஆயிரம் அடி'. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போக வேண்டும். ஒரு குழாயின் மேல் இன்னொரு குழாயை மாட்டிப் பூமிக்குள் இறக்க வேண்டும். மேலே வரும் தூசியின் நிறத்தையும் இயந்திரத்தின் சத்தத்தையும் வைத்து, இன்னும் இறக்குவதா, இங்கேயே நிறுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டும். காட்டுக்காரர் பக்கத்தில் நின்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இதை முதன்முதலில் ஆடிப் பார்த்தபோது என் உள்ளங்கை வேர்த்துவிட்டது.

ஆனால் ஆடிப் பார்க்க ஒருவர் உள்ளே வர வேண்டுமே. நாங்கள் விற்கப்போவது இணையக் கடையில். அங்கே ஒவ்வொரு நாளும் புது விளையாட்டுகள் வந்து குவிகின்றன. அடுத்த வாரம் அந்தக் கடையில் ஒரு திருவிழா. இன்னும் வெளிவராத விளையாட்டுகளின் முதல் பகுதியை யார் வேண்டுமானாலும் ஆடிப் பார்க்கலாம். வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது தம்ப்நெயில் என்கிற சின்னப் படம் மட்டும். கணினியில் தீப்பெட்டி அளவு இருக்கும், கைப்பேசியில் அதைவிடச் சிறிது. வரிசை வரிசையாகத் தீப்பெட்டிகள் அடுக்கிய மாதிரி நூற்றுக்கணக்கான படங்கள். அதில் கண் நின்றால்தான் விரல் நிற்கும். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மேல் திருவிழா முடியும் வரை படத்தை மாற்ற முடியாது.

பெங்களூர்ப் படம் போய்விட்டால், வீடு முழுக்க அவள் கட்டியது, வாசலில் மட்டும் வேறொருவர் போட்ட கோலம் என்று ஆகிவிடும். சரிதா இதைச் சொல்லவில்லை. எதையும் அவ்வளவு சுலபமாகச் சொல்கிற பெண் இல்லை அவள்.

அவளுடைய அப்பா பெரியசாமிக்குச் சொந்த ஊர் ஓமலூர் பக்கம். மீசை முளைத்த வயதில் இந்தப் பக்கம் வந்து என் பெரியப்பா மயில்சாமியின் ரிக் வண்டியில் சேர்ந்தார். கர்நாடகம், ஆந்திரம், மத்தியப் பிரதேசம் என்று வண்டி போன இடமெல்லாம் போனார். துளைக்குப் பக்கத்திலேயே நின்று குழாய் மாட்டுகிற வேலை. பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் மட்டும் வீட்டுக்கு வருவார். இப்போது வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறார். அம்மா பெருமாயி தறிப் பட்டறையில் நூல் சுற்றி சரிதாவைப் படிக்க வைத்தார். அவள் படித்தது பி.காம். பிடித்தது வரைவது. கல்லூரி விடுமுறையில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்தவள், படிப்பு முடிந்தபிறகும் அங்கேயே தங்கிவிட்டாள்.

ஃப்ளெக்ஸ் கடைக்கென்று சில சட்டங்கள் உண்டு. சொந்தத்தில் ஒரு முகமும் விட்டுப்போகக் கூடாது. தாய்மாமன் முகம் பெரியப்பா முகத்தைவிடச் சிறிதாகிவிட்டால் மண்டபத்திலேயே சண்டை வரும். காலி இடம் தெரிந்தால் வாடிக்கையாளர், "அந்த மூலை ஏன் சும்மா கெடக்குது, ஒரு மயிலப் போட்டுவுடு," என்பார். எல்லா முகத்தையும் வெளுப்பாக்க வேண்டும். ரேஷன் அட்டைப் படத்திலிருந்து முகத்தை வெட்டியெடுத்து, வேறு யாருடைய உடம்பிலோ இருக்கும் கோட்டின் மேல் ஒட்ட வேண்டும். கண்ணீர் அஞ்சலி என்றால் கட்டாயம் வெள்ளைச் சட்டை. உயிரோடு இருந்தபோது சட்டையே போடாத எத்தனையோ பேருக்கு சரிதா இஸ்திரி போட்ட சட்டை மாட்டி அனுப்பியிருக்கிறாள்.

கதிர்வேல் அவளைக் கண்டுபிடித்தது ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸில். குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு யானை, காதைப் பொத்திக்கொண்டு நின்றது. "இந்த யானைய எந்த சைட்ல எடுத்தீங்க?" என்று கடையில் போய்க் கேட்டிருக்கிறார். "நான் வரஞ்சதுங்க," என்றாளாம். அடுத்த மாதமே எங்கள் மாடிக்கு வந்துவிட்டாள்.

அதனால் எங்கள் முதல் தம்ப்நெயில் ஒரு ஃப்ளெக்ஸாகவே பிறந்ததில் ஆச்சரியமில்லை. வண்டியின் ஆட்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். லாரி, தேங்காய், எலுமிச்சம்பழம், உதிக்கும் சூரியன். எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாரையும்விடப் பெரிதாக, அச்சு அசல் என் பெரியப்பா போலவே ஒரு முதலாளி. மூலையில் காலி இடம் இருந்ததால் ஒரு தென்னை மரம். எங்களில் யாருக்கும் அதில் தப்பே தெரியவில்லை. எங்கள் கண்ணும் அதே மண்டபங்களில் வளர்ந்ததுதான். பெரியப்பா அதைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினார். கடையில் ஏற்கெனவே திறந்திருந்த எங்கள் பக்கத்தில் அதைப் போட்டு, தீப்பெட்டி அளவில் பார்த்தபோது, சிந்திய கொள்ளில் எறும்பு மொய்த்தது போல இருந்தது. ஒருவரும் தொடவில்லை.

இரண்டாவது படத்தில் ஆட்களையெல்லாம் நீக்கிவிட்டாள். சிவந்த வானத்தில் கம்பம் தூக்கி நிற்கும் ரிக் வண்டி மட்டும். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. நிறையப் பேர் தொட்டார்கள். நாங்கள் சந்தோஷப்பட்டது இரண்டு நாள். பிறகு வந்தவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். இது எந்த நாட்டு ஏவுகணை என்று ஒருவர் கேட்டிருந்தார். போர் விளையாட்டு என்று நம்பி வந்தேன், கிணறு தோண்டச் சொல்கிறார்கள் என்று இன்னொருவர் திட்டியிருந்தார். நான்தான் அவற்றைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"ஏவுகணையா?" கதிர்வேல் திரைக்கு அருகில் போனார். "ரிக்கு வண்டியப் பாத்தா ஏவுகணையாட்டமா தெரியுது?"

சாலையின் இரண்டு பக்கமும் ரிக் வண்டிகள் வரிசையாக நிற்கிற ஊரில் பிறந்தவர்கள் நாங்கள். பள்ளிக்கூடத்துக்கு அவற்றைக் கடந்துதான் போனோம். எங்களுக்கு அது வேறெதுவாகவும் தெரிந்ததில்லை. சரிதாதான் கைப்பேசியைக் கொஞ்சம் தூரமாக நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தாள். "ஆமாங்ணா. பாகிஸ்தான் பக்கம் திருப்பி வெச்சா வேலை முடிஞ்சுது."

கதிர்வேல் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் பெங்களூர் ஓவியருக்கு எழுதினார்.

இப்போது வெள்ளிக்கிழமை காலை. சரிதா தன் மூன்றாவது படத்தைத் திறந்து, மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அதில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரே ஒரு முகம். கட்டம் முழுக்க அதுதான். தலைமுடி, புருவம், கன்னம், உதடு எல்லாம் கல்தூசி படிந்து மாவு கொட்டியது போல வெளுத்திருந்தன. அந்த வெளுப்புக்குள் இரண்டு கண்கள் மட்டும் ஈரமாக, கறுப்பாக, கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. பின்னால் ஒன்றும் இல்லை, இருட்டு. பக்கத்தில் பெரிய எழுத்தில் 'ஆயிரம் அடி'.

கதிர்வேல் எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். பிறகு, "சின்னதாக்கு," என்றார்.

தீப்பெட்டி அளவாக்கிக் கடையின் வரிசைக்குள் வைத்தாள். டிராகன், வாள், விண்கலம், சிரிக்கும் பூனை, எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த வெள்ளை முகம். நான் வேறெதையும் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

கீழே கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் தனபால் அண்ணனிடம் கொண்டுபோனோம். சரிதா கைப்பேசியை ஒரு கணம் காட்டிவிட்டுத் திருப்பிக்கொண்டாள். இதுதான் அவளுடைய பரிசோதனை. "என்னங்ணா பாத்தீங்க?"

"ஒரு ஆளு."

"வேற?"

"எங்க, இன்னொருக்காக் காட்டு." அவர் எழுந்தே விட்டார். "என்னத்தப் பாக்கறான் அவன்?"

முன்பு அந்த ஏவுகணைப் படத்தைக் காட்டியபோது அவர் கணக்குப் போட்டுக்கொண்டே "ம்" என்றார். கதிர்வேல் முகம் கொஞ்சம் தளர்ந்தது. இதையே அனுப்பிவிடலாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் பெரியப்பா வந்து சேர்ந்தார்.

"என்ன சாமி, எல்லாருங் கீழ நிக்கறீங்க? படம் ஆயிருச்சா?" கைப்பேசியை வாங்கிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். ஒரு நொடிதான். வெடித்துச் சிரித்தார். "அட, நம்ம பெரியசாமி!"

சரிதா கையை நீட்டினாள். பெரியப்பா தரவில்லை.

"மாவு மில்லுக்குள்ள உழுந்து எந்திரிச்சு வந்தவனாட்டம் இருக்கறான் பாரு. இப்பிடித்தான், அச்சு அசல் இப்பிடித்தான் நிப்பான். அது செரி, எம்பட மூஞ்சி எங்க? மொதப் படத்துல உச்சியில இருந்தேனே?"

"அப்பா, அதக் குடுங்க," என்றார் கதிர்வேல்.

"இருடா." அதற்குள் தன் கைப்பேசியை எடுத்து அழைத்துவிட்டார். "ஏப்பா பெரியசாமி, நீ பெரிய ஆளாயிட்டப்பா! உன்ற புள்ள உன்னைய உலகம் பூரா காட்டப் போவுது. எப்பிடீங்கற? ரிக்குல நிப்பியே, தூசி அப்பிக்கிட்டுப் பேயாட்டம், அப்பிடியே!"

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. பெரியப்பா மட்டும் இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டு வைத்தார். அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் கஷ்டம்.

"உங்கப்பாவா அது?" கதிர்வேல் மெதுவாகக் கேட்டார். "கேட்டியா அவரை?"

"இல்லீங்ணா. முடிச்சுட்டுக் கேக்கலாம்னு இருந்தேன்."

"அவரு வேண்டாம்னா நான் போடமாட்டேன் சரிதா."

"தெரியுங்ணா."

அவள் வீட்டுக்குப் போக, என் ஸ்கூட்டரில் அவளை ஏற்றிக்கொண்டேன். அவள் மடிக்கணினியை நெஞ்சோடு பிடித்திருந்தாள். வழியில், கேட்காமலேயே பேசினாள். அவளுக்கு ஆறேழு வயது இருக்கும்போது வண்டி எருமப்பட்டிப் பக்கம் ஒரு காட்டில் வேலை செய்ததாம். அவ்வளவு பக்கத்தில் இருக்கிறாரே என்று அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு போனாராம். தூசி மேகத்துக்குள்ளிருந்து ஒரு வெள்ளை உருவம் வந்து அவளைத் தூக்கப் பார்த்தது. அவள் அலறி அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அது பேசிய பிறகுதான் அப்பா என்று தெரிந்தது.

"அந்த மூஞ்சி மட்டும் எனக்கு அப்பிடியே இருக்குது பிரியா. மத்தபடி அவரு சின்ன வயசுல எப்பிடி இருந்தாருன்னே ஞாபகமில்ல."

கொஞ்ச தூரம் போனபிறகு இன்னொன்றும் சொன்னாள். ஓமலூரில் சொந்தக்காரர்களிடம் அவள் அப்பா ரிக் கம்பெனியில் மேனேஜர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். அத்தை மகள் கல்யாண ஃப்ளெக்ஸில் அவருக்குக் கோட்டு மாட்டி, அடியில் 'மேலாளர்' என்று அடித்ததும் அவளேதான்.

சந்தைப்பேட்டையைத் தாண்டி ஒரே கூரையின் கீழ் ஐந்தாறு வாசல்கள். அதில் கடைசி வாசல் அவர்களுடையது. பெரியசாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க கண்ணு, உக்காருங்க," என்றார். மகளைப் பார்க்கவில்லை.

"ஓனரு கூப்பிட்டாரு," என்றார்.

"என்னப்பா சொன்னாரு?"

"சிரிச்சாரு."

சரிதா மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். அவர் பார்த்தார். அந்தப் படத்தில் இருந்த கண்களும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களும் ஒன்றாகவே இருந்தன. நான் குனிந்துகொண்டேன்.

"எத்தனை பேருக்கு நீ வெள்ளச்சட்டை போட்டுவுட்டிருக்கற," என்றார். குரல் ஏறவில்லை. "செத்தவனுக்கெல்லாம் கோட்டு மாட்டுன. பெத்த அப்பனுக்கு ஒரு சட்டை கெடைக்கலியா சரிதா?"

"சட்டை போட்டா யாரும் நின்னு பாக்க மாட்டாங்கப்பா."

"பாக்காட்டிப் போறாங்க. ஓமலூர்ல நம்ம சனம் பாக்கும். உங்க அத்தை ஊட்டுல பாப்பாங்க. உன்ற மாமன் இதப் பெருசா பிரிண்டு போட்டு வாசல்ல மாட்டுவான்."

அடுப்படியிலிருந்து பெருமாயி அம்மா எட்டிப் பார்த்தார். "மேனேஜரு மானம் போயிருமாக்கும். அங்க எல்லாருக்கும் தெரியும், நீங்க கொழாய் மாட்டுனது. உங்க முன்னால சொல்றதில்ல, அவ்வளவுதான்."

"நீ சும்மா இருக்கறியா?"

"இருவத்தஞ்சு வருசமா சும்மாதான இருக்கறேன்."

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. சரிதா தரையில் சுவரோரமாக உட்கார்ந்து, படத்தை மாற்ற ஆரம்பித்தாள். தாடையை அகலமாக்கினாள். மூக்கைக் கூர்மையாக்கினாள். வயதைக் குறைத்தாள். ஒவ்வொன்றையும் சின்னதாக்கி வரிசைக்குள் வைத்துப் பார்த்தாள். முகம் மாற மாற அது பெங்களூர்ப் படத்து இளைஞனின் தம்பி போல ஆகிக்கொண்டே வந்தது. கண் அதில் நிற்காமல் பக்கத்தில் இருந்த பூனைக்குப் போயிற்று. எல்லாவற்றையும் அழித்தாள். கதிர்வேல் இரண்டு முறை அழைத்தார். நான் வெளியே போய், "பேசிட்டிருக்கறா," என்று சொன்னேன். "நாலரை ஆச்சு பிரியா," என்றார் அவர். அதட்டலாகச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை அழைக்க மாட்டார் என்று புரிந்தது.

உள்ளே திரும்பியபோது பெரியசாமி இருமிக்கொண்டிருந்தார். ஆரம்பித்தால் சீக்கிரம் நிற்காத இருமல். தோளில் கிடந்த துண்டை வாயிலும் மூக்கிலும் அழுத்திப் பிடித்திருந்தார். துண்டுக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

சரிதா அவரையே பார்த்தாள். பிறகு திரையில் வரையும் பேனாவை எடுத்தாள்.

மூக்குக்குக் கீழே ஒரு துண்டு, பின்பக்கமாகக் கட்டியது. ரிக்கில் நிற்கும் ஆட்கள் பலரும் இப்படிக் கட்டுவது உண்டுதான். வாயும் தாடையும் மீசையும் மறைந்துவிட்டன. தூசி படிந்த நெற்றி, புருவம், கீழே பார்க்கும் கண்கள். துண்டுக்குச் சிவப்பு நிறம் கொடுத்தாள். அந்த வெளுப்புக்கும் இருட்டுக்கும் நடுவில் சிவப்பு சட்டென்று பற்றிக்கொண்டது.

தண்ணீர் கொடுக்க வந்த பெருமாயி அம்மா நின்று பார்த்தார். "என்ன இது, கட்சிக்காரனாட்டம்?"

சரிதா அப்படியே நிறுத்தினாள். ஃப்ளெக்ஸ் கடையில் வேலை செய்தவளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பச்சைக்கு மாற்றினாள். "விவசாய சங்கம்," என்றேன் நான். காவியைத் தொடக்கூட இல்லை. கறுப்பு இருட்டில் கரைந்தது. மஞ்சளை வைத்துவிட்டு, நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, எடுத்துவிட்டோம். நீலம் வைத்தால் முகம் செத்துப்போயிற்று. ஊரில் கட்சி இல்லாத நிறத்தில் ஒரு துண்டுகூடக் கிடையாது.

"கட்டம் போட்ட துண்டு போடு," என்றார் பெருமாயி அம்மா. "சந்தையில விக்கறதில்லியா, செவப்புக் கட்டம். அத எந்தக் கட்சிக்காரனும் கட்ட மாட்டான்."

பெரிதாகப் பார்த்தால் கட்டம் தெரிந்தது. தீப்பெட்டி அளவாக்கினால் கட்டம் காணாமல் போய்ச் சிவப்பு மட்டும் நின்றது. சரிதா மூச்சை விட்டாள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"அப்பா. இப்பப் பாருங்க."

அவர் பார்த்தார். தலையைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தார்.

"யாருன்னு தெரியாதில்ல?"

"தெரியாதுப்பா."

"ஓனருக்கு?"

சரிதா கைப்பேசியை எடுத்தாள். கதிர்வேலை அழைத்தாள். படம் ஏற்கெனவே அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. என் கைப்பேசியின் இணையத்தில் அது நகர்வதைப் பார்த்தபடி நான் நகத்தைக் கடித்தேன். ஐந்தேகால் ஆகியிருந்தது. ஒலிபெருக்கியில் கதிர்வேல், "வந்துருச்சு," என்றார். பெங்களூர்ப் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா," என்று கதிர்வேல் கூப்பிடுவது கேட்டது. "இங்க வாங்க. சட்டுன்னு பாருங்க. ம், அவ்வளவுதான். என்ன பாத்தீங்க?"

"ரெண்டு ஆளு," பெரியப்பாவின் குரல். "ஒருத்தன் தண்ணி வந்து சிரிச்சுக்கிட்டு நிக்கறான். இன்னொருத்தன் குழிக்குள்ளயே பாக்கறான். இவனுக்குத் தண்ணி வந்துச்சா வல்லியா?"

"அதத்தான் உள்ள போயி ஆடிப் பாக்கோணும்."

"அப்ப இவனப் போடு. அது செரி, யார்றா இவன், புது ஆளா? நம்ம வண்டியில வேலை செஞ்சவனாட்டமே தெரியலியே."

பெரியசாமியின் முகத்தில் முதலில் வந்தது நிம்மதிதான். அதை நான் பார்த்தேன். அதற்குப் பின்னால் வேறொன்றும் வந்தது. அவர் துண்டை எடுத்து மடியில் மடித்து வைத்துக்கொண்டார்.

"நான் துண்டே கட்டுனதில்ல," என்றார் மகளிடம். "கட்டுனா மூச்சு முட்டும்."

"கட்டியிருந்தா இன்னைக்கு இப்பிடி இருமிக்கிட்டுக் கெடக்க வேண்டியதில்ல," என்றார் பெருமாயி அம்மா. வழக்கமான கேலி அதில் இல்லை.

"அதான் சொல்றேன். இது வேற ஆளு." அவர் திரையை விரலால் மகள் பக்கம் தள்ளினார். "அனுப்பச் சொல்லு."

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் படம் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. சரிதா மடிக்கணினியை மூடிவிட்டு, தரையில் அப்படியே படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

திருவிழா நடந்தது. எங்களுடையது அதில் முதலிடத்துக்கு வந்தது என்றெல்லாம் சொல்ல முடியாது. டிராகன்களும் பூனைகளும் எங்களைவிட நன்றாக ஓடின. ஆனால் வந்தவர்கள் கிணறு தோண்டவே வந்தார்கள், வந்து நேரம் போவது தெரியாமல் தோண்டினார்கள். பெங்களூர் ஓவியருக்குக் கதிர்வேல் ஒரு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார், நான் ஆங்கிலத்தில் எழுதினேன். சரிதா இப்போது விளையாட்டின் முழு வெளியீட்டுக்கான படங்களை வரைந்துகொண்டிருக்கிறாள். எல்லாவற்றிலும் அந்தச் சிவப்புத் துண்டு இருக்கிறது. துண்டு இல்லாத பழைய முகத்தை அவள் யாருக்கும் காட்டுவதில்லை. அழித்துவிட்டாளா என்று நான் கேட்டதும் இல்லை.

திருவிழாவின் மூன்றாம் நாள் அவள் வீட்டில் இருந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துச் சொல்லச் சொல்லி பெருமாயி அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவர், விளையாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், படத்தைப் பற்றி மட்டும் கேட்டிருந்தார். துண்டு கட்டியிருக்கும் அந்த மனிதர் நிஜமாகவே இருக்கிறாரா, அவர் யார்?

சரிதா கட்டிலைப் பார்த்தாள். "அப்பா, நீங்க யாருன்னு ஒருத்தர் கேக்கறாரு."

"சொல்லாதெ," என்றார் பெரியசாமி உடனே.

"செரிப்பா."

தொலைக்காட்சியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலேயே, "எந்த ஊர்க்காரன் கேக்கறான்?" என்றார்.

நான் பார்த்துச் சொன்னேன். "பிரேசில்னு போட்டிருக்குதுங்க."

"அது எங்கிருக்குது?"

"ரொம்ப தூரமுங்க. கடலுக்கு அந்தப் பக்கம்."

"நம்ம சனம் யாராச்சும் அங்க இருக்கறாங்களா?"

"இருக்க மாட்டாங்கப்பா," என்றாள் சரிதா.

அவர் துண்டை எடுத்து முகத்தை ஒரு முறை துடைத்துக்கொண்டார்.

"அப்ப அவனுக்கு மட்டும் சொல்லு."